கட்டிப்போட்டால் விழமாட்டார்களா?

வயதானவர் ஒருவர் விழுந்துவிட்டார் என்று தகவல் வந்தால், கேட்பவர் மனசு நேராக ஈரத் தரைக்குத்தான் போகும். யாரோ துடைத்துவிட்டுக் காயவிடாமல் போயிருப்பார்கள், கால் வழுக்கியிருக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இரண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்துப் பார்த்தபோது கதை வேறு மாதிரி இருந்தது. 2007 முதல் 2010 வரை 130 பேர் மொத்தம் 227 முறை விழுந்தது அதில் பதிவானது. சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ராபினோவிச்சும் அவர் குழுவினரும் அத்தனை பதிவுகளையும் அலசி, 2013இல் ‘லான்செட்’ இதழில் கணக்குச் சொன்னார்கள். வழுக்கி விழுந்தவை வெறும் 3 சதவீதம். கால் இடறி விழுந்தவை 21 சதவீதம். மிகப் பெரிய பங்கு, அதாவது 41 சதவீதம், உடல் பாரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும்போது நிலை தவறியதால் வந்தது. சும்மா நின்றுகொண்டிருந்தபோது விழுந்தவர்கள் இருந்தார்கள். நாற்காலியில் உட்காரப் போய் விழுந்தவர்களும் இருந்தார்கள்.

குளியலறையில் கேமரா வைக்க முடியாது என்பதால் அந்த இடத்துக் கணக்கு இதில் சேரவில்லை. அதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் ஒன்று தெளிவு. தரையைத் துடைத்து, விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டால் ஆபத்து போய்விடாது. அது அந்த மனிதர் எழும் விதத்திலும், திரும்பும் விதத்திலும், அவர் எதற்காக எழுந்தார் என்பதிலும் இருக்கிறது.

இந்தப் பிரச்சினையைச் சட்டம் போட்டு, எண் கொடுத்து, ஆய்வாளர்களை அனுப்பி அளந்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே சுமார் 15,000 நர்சிங் ஹோம்கள் இருக்கின்றன. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் இல்லங்கள் இவை. தானாக எழவோ குளிக்கவோ சாப்பிடவோ முடியாத முதியவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் என 12 லட்சத்துக்கும் அதிகமானோர் இங்கே வாழ்கிறார்கள். முக்கால்வாசி இல்லங்கள் லாபத்துக்காக நடப்பவை. ஆனால் குடியிருப்போரில் பெரும்பாலானோருக்குச் செலவைக் கொடுப்பது ‘மெடிக்கெய்ட்’ என்ற அரசுத் திட்டம். பணம் கொடுப்பதால் நிபந்தனை விதிக்கும் உரிமையும் அரசுக்கு உண்டு.

நிபந்தனைகளில் ஒன்று, குடியிருப்போரின் சூழல் ‘முடிந்தவரை’ விபத்து அபாயங்கள் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது. ஒவ்வொருவருக்கும் போதிய கண்காணிப்பும் உதவிக் கருவிகளும் கிடைக்க வேண்டும் என்பது அதன் இரண்டாம் பாதி. ஆய்வாளர்களின் மொழியில் இதற்கு எஃப்689 என்று பெயர். நாடு முழுவதும் மிக அதிகமாக எழுதப்படும் குற்றக் குறிப்புகளில் இதுவும் ஒன்று. ஒருவர் விழுந்தாலே இல்லம் குற்றவாளி என்று இந்த விதி சொல்வதில்லை. அபாயத்தை முன்கூட்டியே கண்டுகொண்டார்களா, அந்த நபருக்கு ஏற்ற ஏற்பாடு செய்தார்களா, அது பலித்ததா என்று திரும்பிப் பார்த்தார்களா என்றுதான் கேட்கிறது. எல்லாம் செய்தும் விழுந்தால் அது தவிர்க்க முடியாத விபத்து. செய்யாமல் விட்டு விழுந்தால் தவிர்த்திருக்கக்கூடியது. எதை விழுதல் என்பது என்பதில்கூட விதி கறாராக இருக்கிறது. அடிபடாவிட்டாலும் விழுதல் விழுதல்தான். தள்ளாடியவரை ஊழியர் ஓடிவந்து பிடித்துக்கொண்டாலும் கணக்கில் சேரும். ஒருவர் தரையில் கிடக்கக் கண்டால், வேறு ஆதாரம் இல்லாதவரை அவர் விழுந்ததாகத்தான் பதிய வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமான விதி எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை. 1975இல் கொலராடோ மாநிலத்து இல்லவாசிகள் சார்பில் ஒரு வழக்கு தொடரப்பட்டது. அரசு ஆய்வாளர்கள் இல்லத்தின் காகிதங்களைப் பார்க்கிறார்களே ஒழிய, அங்கே கிடக்கும் எங்களைப் பார்ப்பதில்லை என்பது அதன் சாரம். 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1986இல் மருத்துவக் கழகத்தின் விரிவான அறிக்கை வந்தது. 1987 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் நர்சிங் ஹோம்களின் இலக்கணத்தையே மாற்றியது. அதன்பின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வருகிறார்கள். இரண்டு ஆய்வுகளுக்கு நடுவே 15 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது.

வார், கம்பி, மணி

அந்தச் சட்டத்துக்கு முந்தைய காலத்தில் பாதுகாப்பு என்றால் கட்டிப்போடுவது. இடுப்பில் வார், மார்பில் உடுப்பு போன்ற ஒரு கட்டு, மணிக்கட்டில் துணிப்பட்டை, மடியில் எழவிடாமல் தடுக்கும் பலகை. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க நர்சிங் ஹோம்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் கட்டப்பட்டிருந்தார்கள். செய்தவர்கள் கொடியவர்கள் அல்ல. விழுந்து இடுப்பு ஒடிந்தால் பிள்ளைகள் வழக்குப் போடுவார்கள், கட்டிவைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற பயம்தான் காரணம். பிள்ளைகளே கட்டச் சொன்னதும் உண்டு.

பென்சில்வேனியாவில் குவேக்கர் சமயத்தார் தொடங்கிய கெண்டல் என்ற முதியோர் குடியிருப்பு மட்டும் 1973இல் திறந்த நாளிலிருந்தே யாரையும் கட்டுவதில்லை என்று இருந்தது. அவர்கள் முன்னின்று நடத்திய இயக்கத்துக்கு ‘முதியோரின் கட்டை அவிழ்ப்போம்’ என்ற பொருளில் பெயர். 1989 டிசம்பரில் அமெரிக்க செனட்டின் முதுமைக் குழு இதே தலைப்பில் கூட்டம் நடத்தும் அளவுக்கு விஷயம் வளர்ந்தது. எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவிழ்த்துவிட்டால் விழுந்துவிடுவார்களே?

யேல் பல்கலைக்கழக மருத்துவர் மேரி டினெட்டி அந்தக் கேள்வியைக் கனெக்டிகட் மாநிலத்தின் 12 இல்லங்களுக்கு எடுத்துச் சென்றார். 397 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 1992இல் முடிவை வெளியிட்டார். கட்டப்படாதவர்களில் 5 சதவீதம் பேர் விழுந்து பலத்த காயம் அடைந்திருந்தார்கள். கட்டப்பட்டவர்களில் அது 17 சதவீதம். ஏற்கெனவே தள்ளாடுபவர்களைத்தானே கட்டுவார்கள், அதனால் எண்ணிக்கை கூடியிருக்கும் என்று வாதிடலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் கட்டு அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது மிச்சம். நாள் முழுக்க உட்காரவைக்கப்பட்டவரின் தொடைத் தசை வற்றிப்போகிறது. அவிழ்க்கும் அந்தச் சில நிமிடங்களில் எழுந்து நிற்கக் கால் இருப்பதில்லை. கட்டிலிருந்து நழுவ முயன்று கழுத்து இறுகி இறந்தவர்களும் உண்டு. இன்று கட்டப்பட்டிருப்பவர்கள் 2 சதவீதத்துக்கும் கீழே.

வார் போனது, கம்பி நின்றது. கட்டிலின் இரு பக்கமும் இருக்கும் கம்பித் தடுப்பைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. நம் ஊர் மருத்துவமனையிலும் பக்கத்துக் கம்பியைத் தூக்கிவிட்டால்தான் உடனிருப்பவர் நிம்மதியாகக் கண்ணயர்வார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கோப்புகளைத் திறந்தால் அந்த நிம்மதி போய்விடும். 1985 ஜனவரி முதல் 2013 ஜனவரி வரை கட்டில் கம்பியில் சிக்கிக்கொண்ட சம்பவங்கள் என்று அங்கே வந்து சேர்ந்த புகார்கள் 901. அவற்றில் 531 மரணங்கள்.

நடப்பது இதுதான். மறதி நோய் உள்ள, உடல் மெலிந்த ஒருவர் இரவில் எழ முயல்கிறார். மெத்தை அவர் பாரத்தில் அமுங்கி விலகுகிறது. மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் ஓர் இடைவெளி திறக்கிறது. உடல் அதில் இறங்குகிறது, தலை இறங்குவதில்லை. மீள்வதற்கு வேண்டிய வலு அவரிடம் இல்லை. சிலர் சிக்காமல் கம்பிமேல் ஏறித் தாண்டப் பார்ப்பார்கள். அப்போது கட்டில் உயரத்தோடு கம்பி உயரமும் சேர்ந்துகொள்கிறது. கம்பி இல்லாமல் உருண்டு விழுந்திருந்தால் ஒரு சிராய்ப்போடு போயிருக்கும். 2006இல் அந்த நிர்வாகம் கட்டிலில் உடல் சிக்கக்கூடிய ஏழு இடங்களைப் படம் போட்டுக் காட்டி, தலை நுழையக்கூடிய இடைவெளி 12 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று அளவு சொன்னது. கட்டில் ஒரு நிறுவனத்திடமும் மெத்தை வேறொரு நிறுவனத்திடமும் வாங்கும் இல்லங்களில் இந்த அளவு தப்புவது மிகச் சுலபம். இப்போதைய விதிப்படி கம்பி போடுமுன் வேறு வழிகளை முயன்றிருக்க வேண்டும். ஆபத்தை விளக்கிச் சம்மதம் வாங்கியிருக்கவும் வேண்டும்.

மூன்றாவதாக வந்தது மணி. மெத்தைக்கடியிலோ சட்டையிலோ பொருத்திவிட்டால், எழுந்த உடனே அலறும். கட்டும் இல்லை, கம்பியும் இல்லை, விற்பவர்களுக்கு நல்ல சரக்கு. புளோரிடா பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஷோர் குழு ஒரு மருத்துவமனையின் 16 வார்டுகளில், 27,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தது. 2012இல் வந்த முடிவின்படி, மணிகளின் பயன்பாடு கூடியது, விழுவது குறையவில்லை. யோசித்தால் வியப்பில்லை. மணி அடிக்கும்போது அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். ஊழியர் அறைக்கு வருவதற்குள் விழுந்தும்விடுவார். ஒலிக்குப் பயந்து சிலர் அசையாமலே கிடக்கப் பழகிக்கொள்கிறார்கள். வாரால் கட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்ட மத்திய அரசின் வழிகாட்டி, எழ விடாமல் தடுக்கும் மணியையும் ஒரு வகைக் கட்டாகவே இப்போது பார்க்கிறது.

மருந்தால் கட்டுவது இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. மனநோய்க்கான மாத்திரைகளை மறதி நோயாளிகளுக்குக் கொடுத்தால் அமைதியாகிவிடுவார்கள். மரண அபாயம் கூடும் என்று 2005லேயே மருந்துப் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை வந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தோடு நடப்பதால் விழுவதும் கூடும். 2021இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நடத்திய புலனாய்வில், இல்லவாசிகளில் குறைந்தது 21 சதவீதம் பேர் இந்த மாத்திரைகளில் இருந்தது தெரியவந்தது. ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனநோய் உள்ளவர்களுக்குக் கொடுத்தால் மட்டும் அது இல்லத்தின் தரக் கணக்கில் குறையாக எழுதப்படாது. இல்லவாசிகளில் ஒன்பது பேரில் ஒருவருக்கு அந்த நோய் இருப்பதாகப் பதிவாகியிருந்தது. வெளியே உலவும் மக்களில் 150 பேருக்கு ஒருவருக்குத்தான் அது உண்டு.

தண்ணீர், கதவு, தீ

விழுவதைத் தவிர்த்த மற்ற அபாயங்கள் பெரும்பாலும் சாதுவான பொருள்களிலிருந்துதான் வருகின்றன. குழாய் வெந்நீர் 60 டிகிரி இருந்தால் ஐந்து வினாடியில் தோலின் முழு ஆழமும் வெந்துவிடும். 68 டிகிரியில் ஒரே வினாடி போதும். 48 டிகிரியில்கூட ஐந்து நிமிடம் போதும், உணர்ச்சி மரத்த கால் அதுவரை ஒன்றும் சொல்லாது. பக்கவாதம் வந்து பேச முடியாதவரைத் தொட்டியில் உட்காரவைத்துவிட்டு ஊழியர் துண்டு எடுக்கப் போகும் நேரம் அவ்வளவுதான் இருக்கும். ஆகவே ஆய்வாளர் கைப்பையில் வெப்பமானி இருக்கும். 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான் மதேயோவில் ஒரு முதியோர் குடியிருப்பில், பாத்திரம் கழுவும் ரசாயனத்தைப் பழச்சாறு என்று தவறாகப் பரிமாறியதில் 93 வயது மூதாட்டி உயிரிழந்தார். அது நர்சிங் ஹோம் வகையைச் சேராத உதவிக் குடியிருப்பு. அந்த வகைக்கு மத்திய அரசின் எஃப்689 பொருந்தாது, மாநிலச் சட்டம்தான்.

கதவு வேறொரு தலைவலி. மறதி நோயாளி ஒருவர் நாற்பது வருடத்துக்கு முன்பு விட்ட வேலைக்குக் கிளம்பிவிடுவார். குளிர்நாட்டில் ஜனவரி இரவில் வெளியே போனால் விடியும்போது உயிரோடு இருப்பது நிச்சயமில்லை. கணுக்காலில் பட்டை, வாசலில் பூட்டு என்று பல ஏற்பாடுகள் உண்டு. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் ஓர் இல்லம் வாசலுக்கு வெளியே போலிப் பேருந்து நிறுத்தம் ஒன்றை நட்டது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்புகிறவர் அங்கே பெஞ்சில் உட்கார்வார். பேருந்து வராது. ஊழியர் வந்து பேச்சுக் கொடுத்துக் காபிக்கு அழைத்துப் போவார். ஏமாற்றுவது சரியா என்று இன்றும் சண்டை நடக்கிறது. வெளியே போக நினைத்தவர் ஏன் நினைத்தார் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் மறுக்க முடியாது.

தீ விஷயத்தில்தான் அமெரிக்காவின் மெத்தனம் அப்பட்டமாகத் தெரியும். 1957 பிப்ரவரியில் மிசூரி மாநிலம் வாரன்டனில் ஒரு முதியோர் இல்லம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். 1963 நவம்பர் 23 அதிகாலையில் ஒஹையோ மாநிலம் ஃபிட்ச்வில்லில் ‘கோல்டன் ஏஜ்’ நர்சிங் ஹோம் எரிந்தது. இருந்த 84 பேரில் 63 பேர் போனார்கள். முந்தைய நாள்தான் டல்லாஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டிருந்தார். நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில் 63 முதியவர்களின் சாவு பத்திரிகையின் உள்பக்கத்துக்குப் போனது. கூரையில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் உயிர் பிழைக்கும் என்று அப்போதே தெரியும். புதுக் கட்டடங்களுக்குக் கட்டாயம் வந்தது, பழையவற்றுக்குச் செலவு அதிகம் என்று விட்டுவிட்டார்கள். 2003இல் பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டிலும் செப்டம்பரில் நாஷ்வில்லிலும் ஸ்பிரிங்க்ளர் இல்லாத இரண்டு இல்லங்கள் எரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் எல்லா இல்லங்களுக்கும் கட்டாயம் என்ற விதி எழுதப்பட்டது. கெடு தேதி 2013 ஆகஸ்ட் 13. ஃபிட்ச்வில் எரிந்து அப்போது ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது.

தீயே இல்லாமல் வெந்து போவதும் நடந்தது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் புளோரிடாவைக் கடந்தபோது ஹாலிவுட் நகரில் ஒரு நர்சிங் ஹோமின் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் கொடுத்த மின்மாற்றி செயலிழந்தது. விளக்கு எரிந்தது, ஏசி மட்டும் இல்லை. மூன்று நாள் தற்காலிக ஏற்பாடுகளோடு சமாளித்தார்கள். 12 மரணங்கள் அந்த வெப்பத்தின் கணக்கில் எழுதப்பட்டன. முழு மின்சாரத்தோடு இயங்கிய பெரிய மருத்துவமனை அடுத்த கட்டடம்தான். அடுத்த ஆண்டு புளோரிடா சட்டம் கொண்டுவந்தது. மின்சாரம் போனாலும் 96 மணி நேரம் உள்ளே 27 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்திருக்கும் ஜெனரேட்டர் ஒவ்வொரு இல்லத்திலும் இருக்க வேண்டும்.

எழுதாத விபத்து

நூறு படுக்கை உள்ள ஒரு இல்லத்தில் ஆண்டுக்கு 100 முதல் 200 முறை விழுதல் நடப்பது வழக்கம் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் பழைய மதிப்பீடு. ஆண்டுக்குச் சுமார் 1,800 பேர் அதில் இறக்கிறார்கள் என்பதும் அவர்கள் கணக்கு. ஆனால் எந்த இல்லத்தில் எத்தனை என்று பார்க்கப் போனால் தரவு நம்பும்படி இல்லை. காரணம், எழுதிக் கொடுப்பது இல்லமே. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிராச்சி சங்கவி குழு, மருத்துவமனையின் கட்டண ரசீதுகளையும் இல்லங்கள் தாங்களே நிரப்பிய படிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எலும்பு முறிவு, தலையில் அடி என்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட விழுதல்களில் 57.5 சதவீதம்தான் படிவத்தில் இருந்தது. 2020இல் இது வெளியானது. இல்லங்களுக்கு அரசு தரும் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து அம்மாவை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுத்த குடும்பங்கள் பார்த்தது இந்தப் படிவத்திலிருந்து பிறந்த எண்ணைத்தான். கூடுதலாக விழுவதாக எழுதும் இல்லம் மோசமானதா, நேர்மையானதா என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

சரி, எதுதான் பலிக்கிறது? இந்தத் துறையில் ஊறியவர்கள் சொல்லும் பதில் ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சாதாரணமானது. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் எழுவது பெரும்பாலும் சிறுநீர் கழிக்க. அவர் வழக்கமாக எப்போது எழுவார் என்று தெரிந்து, கால் மணி முன்னாலேயே போய் அழைத்துப் போனால் அவர் தனியாக எழ வேண்டியதில்லை. கட்டிலைத் தரைக்கு அருகே இறக்கி வைப்பது, சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடுவது, கழிப்பறை வழியில் ஒரு சின்ன விளக்கு, கண்ணாடியும் ஊன்றுகோலும் கைக்கெட்டும் இடத்தில், தூக்க மாத்திரையைக் குறைக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்பது. இயந்திரத்தால் தூக்கி மாற்ற வேண்டியவரை இரண்டு பேர் சேர்ந்து மாற்றுவது. ஒருவர் அவசரத்தில் தனியாகச் செய்துபோட்டு நோயாளி பட்டையிலிருந்து நழுவி விழுவது ஆய்வறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் கதை. இவை எதற்கும் புதுக் கருவி வேண்டாம், அந்த மனிதரைத் தெரிந்த ஆள் வேண்டும்.

அங்கேதான் முட்டுகிறது. படுக்கையருகே நிற்கும் நர்சிங் உதவியாளருக்கு மத்திய சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். சம்பளமும் அதற்கேற்பத்தான். 2017, 2018 ஆண்டுகளின் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஒரு இல்லத்தில் செவிலிப் பணியாளர்கள் மாறும் வேகம் சராசரியாக ஆண்டுக்கு 128 சதவீதம் என்று கண்டார்கள். மொத்தப் பணியாளரும் ஓராண்டில் ஒரு முறைக்கு மேல் புரண்டுபோகிற வேகம் அது. எட்டாம் அறைப் பாட்டி இடது கைப்பக்கம் சாய்ந்துதான் எழுவார், மூன்றாம் அறைத் தாத்தாவுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் பதற்றம் வரும் என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. தெரிந்தவர் வேலையை விட்டுப் போகும்போது அந்தத் தகவலும் கூடவே போய்விடுகிறது.

2024 மே மாதம் மத்திய அரசு முதல் முறையாக எண்ணிக்கையில் ஒரு குறைந்தபட்சம் வைத்தது. ஒரு நாளில் ஒருவருக்கு 3.48 மணி நேரச் செவிலிப் பராமரிப்பு, பதிவுபெற்ற செவிலியர் 24 மணி நேரமும் இல்லத்தில். ஆள் கிடைக்கவில்லை, கிராமத்து இல்லங்கள் மூடப்படும் என்றார்கள் நடத்துபவர்கள். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் மத்திய நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட வரி, செலவுச் சட்டம் 2034 செப்டம்பர் வரை அதை அமல்படுத்தவே கூடாது என்றது.

குடும்பங்கள் கையில் இப்போது இருப்பது தகவல் மட்டும். ஆய்வாளர் எழுதும் குற்றக் குறிப்பு, பெயர்களை நீக்கிய வடிவில், யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். எந்த அறையில் எந்த நேரத்தில் என்ன நடந்தது, ஊழியர் என்ன சொன்னார் என்பது வரை அதில் இருக்கும். நட்சத்திரங்களைவிட அது அதிகம் சொல்லும். 2022 முதல் அரசின் ஒப்பீட்டுத் தளத்தில் பணியாளர் மாறும் வேகமும், சனி ஞாயிறுகளில் எத்தனை பேர் வேலைக்கு இருந்தார்கள் என்பதும் சேர்ந்துவிட்டன. இல்லங்கள் அனுப்பும் சம்பளப் பதிவிலிருந்து எடுக்கப்படுவதால் இந்த எண்களைப் பூசி மெழுகுவது கடினம். பெரும்பாலான இல்லங்களில் வார நாளின் எண்ணுக்கும் ஞாயிற்றுக்கிழமையின் எண்ணுக்கும் உள்ள இடைவெளி கண்ணில் அறைகிறது.